பிடிக்கிறவன், வெட்டுகிறவன்

இந்தக் கதையில் இரண்டு கத்திகள் வருகின்றன. முதல் கத்தியைப் பற்றி நான் சொல்வது சரிதானா என்று எனக்கே உறுதியில்லை. ஜெயப்பிரியா சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். அவளோ அந்தக் காலையை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்கிறாள். ஒரு முறை வெயில் நன்றாக ஏறியிருந்தது என்கிறாள். இன்னொரு முறை மொட்டைமாடித் தரையில் பனி ஈரம் காயவில்லை, அதனால்தான் எல்லாம் வழுக்கிற்று என்கிறாள். கத்தி இறங்கியபோது வெங்காயக் கூடையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன் என்பாள். பிறகு, இல்லை, நிமிர்ந்துதான் நின்றேன் என்பாள். இரண்டாவது கத்தியைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. அதை முந்நூறு பேர் பார்த்தார்கள்.

திருமுல்லைவாயிலில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையும் ஓர் ஆடு கூறு போடப்படும். சபையில் ஏழு குடும்பங்கள் சேர்ந்து வாங்கும் ஆடு. கறிக்கடைக்காரர் அறுத்து உரித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். விடியற்கால ஆராதனை முடிந்து வந்து, புதுச்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஜெயப்பிரியாவின் கணவன் ஜேம்ஸ் துண்டு போட உட்காருவான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திர அச்சு கடையும் டூல் ரூமில் வேலை பார்க்கிறவன் அவன். கை சுத்தம். ஏழு கூறையும் தராசில் வைத்தால் ஒன்றுக்கொன்று ஐம்பது கிராம்கூடத் தவறாது. அவன் வெட்ட, ஜெயப்பிரியாவின் தம்பி இளங்கோ எதிரே குந்தி உட்கார்ந்து காலையும் தொடையையும் பிடித்துக் கொடுப்பான். பிடிக்கிறவன் இளங்கோ, வெட்டுகிறவன் ஜேம்ஸ். ஒன்பது வருஷம் அப்படித்தான் நடந்தது.

பத்தாவது வருஷம் இளங்கோ அக்காவின் கையைப் பார்த்துவிட்டான். புது ஜாக்கெட்டின் கை முடிகிற இடத்தில் நான்கு விரல் தடம் நீலமாகப் பூத்திருந்தது. அவன் சத்தம் போடவில்லை. தொடையைப் பிடித்தபடியே, கறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மாமா, இன்னொரு தபா எங்கக்கா மேல கை வெச்சேன்னு வை, அந்தக் கை உன்கிட்ட இருக்காது."

ஜேம்ஸ் தொடையை இரண்டாக வெட்டினான். கத்தி மறுபடி உயர்ந்தது, இறங்கியது. இளங்கோவின் வலது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் வெட்டுக்கட்டையிலிருந்து பக்கத்துக் குவியலில் விழுந்து கறியோடு கறியாகக் கிடந்தன. பக்கத்து வீட்டு ஜஹானாராதான் மாடியேறி ஓடிவந்து, கறிக் குவியலுக்குள் கைவிட்டுத் தேடி, அந்த இரண்டையும் ஐஸ் போட்ட கவரில் கட்டிக் கொடுத்தாள். ஒட்டவைக்க முடியவில்லை. ஏழு கூறும் மாடியிலேயே கிடந்தன. அன்று ஒரு குடும்பமும் வந்து வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். கத்தி வழுக்கிடுச்சு என்றான் ஜேம்ஸ். டாக்டர் ஜெயப்பிரியாவைப் பார்த்தார். பத்து வயது மகள் எழிலரசி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜேம்ஸ் ஜெயிலுக்குப் போனால் என்ன ஆகும் என்று அந்த ஒரு மூச்சுக்குள் அவள் முழுவதும் யோசித்து முடித்திருந்தாள். ஆமா, வழுக்கிடுச்சு என்றாள். கட்டிலில் கிடந்த இளங்கோ அவளையே பார்த்தான். பிறகு அவனும், அக்கா சொன்னதற்காக, ஆமாம் என்றான்.

அம்பத்தூர் பக்கத்தில் விரல் இல்லாதவனிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எந்த பிரஸ் மெஷினில் போனது என்றுதான் கேட்பார்கள். இளங்கோ திருமழிசையில் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டான். கரையான்சாவடியில் ஓர் அறை எடுத்துத் தனியாகப் போனான். ஒரு வருஷம் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை.

அந்த ஒரு வருஷம் ஜேம்ஸ் அவளை அடிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் பேச்சும் நின்றுபோனது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அரை மணி நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அது வருத்தமா, மிச்சம் வைத்திருக்கும் கோபமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடியைத் தாங்கத் தெரிந்திருந்த அவளுக்கு அந்த மௌனத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

டிசம்பர் பிறந்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த வருஷம் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. திருமழிசையைத் தாண்டி ஹைவேயில் இருக்கும் தீம் பார்க்கில் தங்க அறையும் கொடுக்கிறார்கள். இருபத்துநான்கு சாயங்காலம் போய் இருபத்தாறு காலை திரும்பலாம். மகளுக்காக என்று ஜேம்ஸிடம் சொன்னாள். உண்மையான காரணம் வேறு. அந்தப் பார்க்கின் வாசலில் ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார்க்கிறார்கள். பாட்டில் உள்ளே போகாது, கத்தி உள்ளே போகாது. ஆடு இல்லை, கட்டை இல்லை. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் இரண்டு பேரையும் ஒரு பகல் முழுக்க ஒன்றாக வைத்திருந்தால் போதும், தம்பி திரும்பி வந்துவிடுவான் என்று நம்பினாள்.

இளங்கோவிடம் போனில் கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டான். அன்றைக்குப் பார்த்ததை அவள் ஒரே ஒரு தடவை தன்னிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போலீஸ் வேண்டாம், ஜேம்ஸ் மன்னிப்பும் வேண்டாம். வா, பேசிக்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

சாவியை ஜஹானாராவிடம் கொடுக்கப் போனபோது அவள் சாவியை வாங்கிக்கொண்டு கதவிலேயே நின்றாள்.

"ஊட்ட மாத்துனா ஆளு மாறிடுவாங்களா, ஜெயா?"

ஜெயப்பிரியா தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"சொவரு மெல்லிசும்மா. எனக்கு எல்லாம் கேக்கும்," என்றாள் ஜஹானாரா.

கிறிஸ்துமஸ் காலை ஒன்பது மணிக்கு இளங்கோ வந்தான். தங்கும் அறைகள் பார்க் வாசலுக்கு வெளியே இருந்ததால் மற்ற மூவரும் அவனோடு சேர்ந்துதான் உள்ளே நுழைந்தார்கள். புதுச்சட்டை, வலது கை பாக்கெட்டுக்குள். வாசலில் காவலாளி அவன் பையைக் கவிழ்த்தான். ஒரு துண்டு, ஒரு சட்டை, எழிலரசிக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி. ஜெயப்பிரியா செய்து கொண்டுவந்திருந்த கல்கல் பலகார டப்பாவைத்தான் வெளிச் சாப்பாடு கூடாது என்று பிடுங்கி டோக்கன் போட்டு வைத்துக்கொண்டார்கள். அதற்காக அவள் வருத்தப்படவில்லை. இரண்டு ஆண்களின் இடுப்பையும் காவலாளி தடவிப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளிய அந்தக் கணம்தான் அன்று அவள் நிம்மதியாக மூச்சுவிட்ட ஒரே கணம்.

"இன்னா மாமா, சொகமா கீறியா?" என்றான் இளங்கோ.

ஜேம்ஸ் தலையை அசைத்தான். அவன் கண் பாக்கெட்டுக்குள் இருந்த கையிலேயே இருந்தது.

எழிலரசிதான் அவர்களை டேஷிங் காருக்கு இழுத்துப் போனாள். ஆளுக்கொரு கார். மணி அடித்ததும் இளங்கோ நேராக வந்து ஜேம்ஸின் காரை இடித்தான். எழிலரசி கைதட்டிச் சிரித்தாள். பின்னால் போய் மறுபடி வந்தான், இடித்தான். மூன்றாவது இடியில் ஜேம்ஸின் தாடை ஸ்டீரிங்கில் மோதி உதடு கிழிந்தது. காரைத் திருப்பிக்கொண்டு போகலாம், திருப்பி இடிக்கலாம். அவன் இரண்டும் செய்யவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அடுத்த இடிக்குக் காத்திருக்கிறவன் போல உட்கார்ந்திருந்தான். நான்கு, ஐந்து, ஆறு. எழிலரசியின் சிரிப்பு எப்போது நின்றது என்று ஜெயப்பிரியா கவனிக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தியபோது இளங்கோவின் முகம் வியர்வையில் குளித்திருந்தது.

வெளியே வந்ததும் அக்காவைத் தனியாக நிறுத்தினான்.

"சொல்லுக்கா. ஒரு தபா. நான் கேட்டுகினு அப்பிடியே போய்டறேன்."

"நல்ல நாளும் அதுவுமா அது இன்னாத்துக்குடா இப்ப?"

"நல்ல நாள்லதான் போச்சு," என்று மூன்று விரல் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

அவள் அந்தக் கையைத் தாழ்த்திவிட்டு, மகளுக்குத் தண்ணீர் வாங்கப் போனாள்.

பதினொரு மணிக்கு அலைக்குளம். வாடகை நைலான் உடையில் ஆயிரம் பேர் நின்றார்கள். சங்கு ஊதியதும் அலை எழும்பியது. ஜெயப்பிரியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்றாள். பத்தடி தள்ளி ஆண்கள் இருவரும். இளங்கோவுக்கு நீச்சல் தெரியாது. பெரிய அலை ஒன்று வந்தபோது அவன் கால் தவறி உள்ளே போனான். ஜேம்ஸ் கையை நீட்டி அவன் பிடரியைப் பற்றினான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அடுத்த அலை வந்து போனது. கை இன்னும் நீருக்குள் இருந்தது. ஜேம்ஸின் தோள் இறுகியிருந்தது. தூக்குகிறவனுக்கும் தோள் இறுகும், அமுக்குகிறவனுக்கும் இறுகும். இன்னோர் அலை. பிறகு இளங்கோ மேலே வந்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, கண் வெளியே பிதுங்கியிருந்தது. வாந்தி எடுத்தான். சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்து விலகினார்கள்.

முழுகிட்டான், தூக்கி வுட்டேன் என்றான் ஜேம்ஸ், யாரும் கேட்காமலே.

கரையில் குப்புறக் கிடந்த இளங்கோ இருமலுக்கு நடுவில் தலையைத் திருப்பினான்.

"பாத்த இல்ல, அக்கா?"

"தண்ணிக்குள்ள ஒண்ணும் தெரியலடா," என்றாள் அவள்.

அவன் அதன்பிறகு அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டில் நான்கு பேரும் ஒரே மேஜையில் இருந்தார்கள். இளங்கோ எழிலரசிக்குக் கோழித்துண்டை எலும்பு நீக்கிக் கொடுத்தான். ஜேம்ஸ் அவன் தட்டுக்கு ஊறுகாயைத் தள்ளினான். அக்கம்பக்கத்தில் பார்க்கிறவர்களுக்கு அது நல்ல குடும்பமாகத்தான் தெரிந்திருக்கும். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, இன்னும் சாயங்காலம் மட்டும்தான் மிச்சம் என்று எண்ணிக்கொண்டாள்.

மூன்று மணிக்குத் திடலில் மேடை போட்டிருந்தார்கள். சிவப்பு உடையும் பஞ்சுத்தாடியும் போட்ட ராகேஷ் என்ற பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆடினான். நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் இயேசு பிறந்த குடில் மாதிரி செய்து வெள்ளை கிரீம் பூசிய பெரிய பிளம் கேக். இங்கே நிஜமாகவே கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற குடும்பம் யாராவது உண்டா, அவர்கள்தான் கேக் வெட்ட வேண்டும் என்றான் ராகேஷ். கூட்டத்தில் கைகள் எழவில்லை. விடுமுறைக்கு வந்தவர்கள்தான் எல்லோரும். எழிலரசி எம்பிக் குதித்துக் கை தூக்கினாள். ஜெயப்பிரியா அந்தக் கையைப் பிடித்து இறக்குவதற்குள் ராகேஷ் பார்த்து, நால்வரையும் மேடைக்கு இழுத்துவிட்டான்.

வாசலில் யாரையும் தடவிப் பார்த்து எடுக்க முடியாத கத்தி ஒன்று அந்தப் பார்க்குக்குள் இருந்தது. கேக் இறுகியிருந்ததால் சமையற்கட்டிலிருந்து ரொட்டி அறுக்கும் நீளக் கத்தியை எடுத்து, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். முழங்கை நீளம். ஒரு பக்கம் முழுக்கப் பல்.

அப்பாவா மாமாவா, யார் வெட்டுவார்கள் என்று ராகேஷ் மைக்கில் கேட்டான். இரண்டு பேரும் சேர்ந்து என்று கூட்டம் கத்தியது. கத்தியை முதலில் எடுத்தது இளங்கோ. இடது கையால் எடுத்து, வலது கையின் மூன்று விரல்களுக்கு மாற்றி, அதன்மேல் இடது கையையும் வைத்து இறுக்கிக்கொண்டான். மைக்கில் கேட்காத குரலில் சொன்னான். மேடை ஓரம் நின்ற ஜெயப்பிரியாவுக்குக் கேட்டது.

"ஒன்பது வருசம் நான் புட்சேன், மாமா. இந்தத் தபா நீ புடி. நான் வெட்றேன்."

ஜேம்ஸ் அவனைப் பார்த்தான். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அந்த இருவரைச் சுற்றி மட்டும் சத்தமே இல்லாதது போல அவளுக்கு இருந்தது. ஜேம்ஸின் கிழிந்த உதடு அசைந்தது. பிறகு அவன் தன் இடது கையை நீட்டி, கேக்கைத் தாங்கியிருந்த பலகையின் ஓரத்தை விரல் விரித்துப் பிடித்தான். என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். ஜெயப்பிரியாவுக்கும் தெரியும். அவள் மேஜையை நோக்கி ஓரடி வைத்தாள்.

கத்தி கேக்கைத் தொடவில்லை. ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் இறங்கியது. அது கறிக்கத்தி அல்ல, ஒரே வெட்டில் போகாது. பல் எலும்பில் சிக்கியது. இளங்கோ உடம்பின் பாரத்தை எல்லாம் மேலே சாய்த்து முன்னும் பின்னும் இழுத்தான். அறுபடும் சத்தம் மைக்கில் கேட்டது. வெள்ளை கிரீம் சிவப்பாகி மேஜையிலிருந்து வழிந்தது. மூன்று இழுப்பு வரை ஜேம்ஸ் கையை எடுக்கவில்லை.

நான்காவது இழுப்பில் அவனுக்குள் இருந்த பழைய ஜேம்ஸ் எழுந்துவிட்டான். வலது கையால் இளங்கோவின் தொண்டையைப் பற்றிப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், ஸ்பீக்கர் பெட்டியின் இரும்பு மூலையில் அவன் தலையை மோதினான். தூக்கி மறுபடி மோதினான். இளங்கோவின் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. கத்தி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வீசினான். இடையில் போய் விழுந்த ஜெயப்பிரியாவின் முன்கை திறந்துகொண்டது. அவள் அதை உணரவில்லை. ஜேம்ஸின் முதுகைக் குத்தினாள், முடியைப் பிடித்து இழுத்தாள், தோளைக் கடித்தாள். இத்தனை வருஷத்தில் அவன்மேல் அவள் கை வைத்தது அதுதான் முதல் தடவை. காவலாளிகள் ஐந்து பேர் வந்துதான் பிரித்தார்கள். எழிலரசி மேஜைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள். அவளுடைய புதுக் கவுனில் கிரீமும் ரத்தமும் ஒன்றாகத் தெறித்திருந்தன. ராகேஷ் தாடியைக் கழற்றி, அதை வைத்து ஜேம்ஸின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஆஸ்பத்திரியில் எதிரெதிர்க் கட்டில்களில் இரண்டு பேரையும் போட்டிருந்தார்கள். ஜெயப்பிரியா நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், கையில் பதினோரு தையல். எஸ்.ஐ. நோட்டைத் திறந்துகொண்டு முதலில் ஜேம்ஸிடம் கேட்டார்.

"கத்தி வழுக்கிடுச்சு, சார்," என்றான் ஜேம்ஸ்.

எஸ்.ஐ. மறுபக்கம் திரும்பினார். காதில் கட்டுப் போட்டிருந்த இளங்கோவுக்குக் கேள்வியை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"வழுக்கிடுச்சு," என்றான் அவனும்.

முந்நூறு பேர் பார்த்ததை இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் மூடிவிட்டார்கள். இனி அவள் தலையை அசைத்தால் போதும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு யார் பிடிப்பது, யார் வெட்டுவது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவள் எழிலரசியைப் பார்த்தாள். அந்தக் குழந்தை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, போன வருஷம் பார்த்த மாதிரியே. ஜேம்ஸும் இளங்கோவும் காத்திருந்தார்கள். எஸ்.ஐ.யின் பேனா நோட்டின் மேல் நின்றது. வெளியே ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்று, ஆள் இறக்கி, திரும்பிப் போனது.

அப்போதுதான் அந்த மொட்டைமாடி அவள் கண்முன் வந்தது. வெயிலா பனியா என்பது அல்ல, குனிந்தாளா நிமிர்ந்தாளா என்பதும் அல்ல. அந்தக் கட்டை. தொடை அதற்கு முன்பே இரண்டாகிவிட்டிருந்தது. ஒரு பாதி தட்டில் விழுந்திருந்தது, இன்னொரு பாதி இளங்கோவின் இடது கையில் தொங்கியது. கட்டையின் மேல் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தம்பி ஊன்றியிருந்த வலது கையைத் தவிர.

"வழுக்கல, சார்," என்றாள். "இன்னிக்கும் வழுக்கல. போன வருசமும் வழுக்கல. ரெண்டையும் நான் பாத்தேன்."

ஜேம்ஸ் கண்களை மூடிக்கொண்டான். இளங்கோ அவளை நன்றியோடு பார்த்தான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவன் நல்ல காதைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்தான். அவள் சொன்னது அவனுக்குக் கேட்டதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இளங்கோ அறுபது நாள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தான். இடது காது கேட்பதில்லை. இப்போது ஓசூரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். அக்காவுக்குப் போன் செய்வதில்லை, ஆனால் அவள் செய்தால் எடுக்கிறான். ஜேம்ஸின் ஆள்காட்டி விரல் போனது, நடுவிரல் மடங்காது. போன வருஷத்து வெட்டுக்கும் வழக்குப் பதிவாகி, இரண்டு வழக்கும் பூந்தமல்லி கோர்ட்டில் நடக்கின்றன. அவன் ஆவடியில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். டூல் ரூம் வேலை இல்லை, கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்கார்கிறான். ராகேஷ் அந்தப் பார்க்கு வேலையை விட்டுவிட்டான். எழிலரசி அப்பாவைப் பார்க்க ஒரு முறை போய் வந்தாள், மறுபடி கேட்கவில்லை. ஜெயப்பிரியா அதே வீட்டில்தான் மகளோடு இருக்கிறாள், ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். கறி வாங்குவதில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஜஹானாரா ஒரு தட்டு பிரியாணி கொண்டுவந்து கொடுத்தாள். அதில் கறி இல்லை, முட்டைதான் இருந்தது.